கழிக்காமல் விட்ட கனம்

பசை காய்கிற வரைக்கும் சும்மா இருப்பதுதான் அட்டை வேலையில் பாதி. ஒட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அந்தக் குறைவானவர்களில் ஒருத்தி என்று பதினான்கு வருடமாகப் பேர் வாங்கியவள் மில்லி. அந்த வாரம் அந்தப் பேர் காற்றில் பறந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் ஒட்டியதைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது, தொட்டால் கையோடு வந்தது.

மில்லி என்பது அலுவலகம் வைத்த பெயர். கட்டடம் வரைகிறவர்களின் அலுவலகம் அது. அவர்கள் தாளில் வரைகிற வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் இவள் அட்டையில் வெட்டி, மடித்து, ஒட்டி, மேஜைமேல் நிற்கவைப்பாள். ஒரு மில்லிமீட்டர் தப்பினால் தன் வேலையை உடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பிறத்தியார் வேலையில் தப்பினால் சண்டைக்கே போவாள். "அட்டைக்கும் கனம் இருக்கு. அதைக் கழிச்சுட்டு வெட்டு" என்று அவள் சொல்லாத நாளில்லை. இரண்டு மில்லிமீட்டர் அட்டைமேல் ஒரு சுவரை நிறுத்தினால் சுவரும் இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்துவிடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்குத்தான். வெட்டும்போது மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. அவளுக்கு வரும்.

இந்த முறை வேலை அலுவலகத்துக்கு இல்லை, தம்பிக்கு. அதனால்தான் மூன்று நாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கடை விரித்திருந்தாள். வீட்டுக்காரர் இரண்டு நாளாகத் தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே சாப்பிட்டார். மனிதர் வாயைத் திறக்கவில்லை. மின்விசிறியைப் போடக் கூடாது என்றபோது மட்டும் ஒரு பெருமூச்சு விட்டார். அந்தக் காற்றுக்கே இரண்டு காகிதத் துண்டுகள் பறந்தன.

தம்பி பஸ் டிரைவர். நான்கு மாதத்துக்கு முன் ஒரு காலை நேரத்தில், ஒரு வளைவில், பக்கத்துச் சந்திலிருந்து சாலைக்கு வந்த ஒரு தையற்காரம்மாவை அவன் ஓட்டிய பஸ் இடித்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை, இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து தம்பி வண்டி எடுக்காமல் வீட்டில் இருக்கிறான். அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வளைவுல இருந்த சுவர் மறைச்சிருச்சு. அந்தம்மா தலைகூட எனக்குத் தெரியல." தையற்காரம்மாவும் ஒன்றைத்தான் சொன்னார்: "நான் சுவருக்கு அந்தப்பக்கம் நின்னு, பஸ்ஸைப் பாத்துட்டுத்தான் கால எடுத்து வெச்சேன். டிரைவர் பாத்திருப்பாருன்னு நெனச்சேன்."

சுவரைப் போய்ப் பார்த்திருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். ஆனால் விபத்து நடந்த சில நாளிலேயே சாலையை அகலமாக்குகிறோம் என்று சுவரை இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஒரு பள்ளத்தை மூட வருடக்கணக்கில் இழுத்தடிப்பவர்களுக்கு அந்தச் சுவர்மேல் மட்டும் எங்கிருந்துதான் அப்படி ஒரு சுறுசுறுப்பு வந்ததோ. இடிப்பதற்கு முன் இரண்டு தரப்பும் சேர்ந்து அளந்து கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று மிஞ்சியது. சுவரின் உயரம், அது வளைந்த விதம், பஸ் வந்த இடம், டிரைவரின் கண் மட்டம், அம்மாவின் உயரம் எல்லாம் அதில் இருந்தன.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்தவர் டிரைவர்கள் சங்கத்துக்காரர். "கணக்குப் போட்டுக் காட்டினா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. சுவர் வளைஞ்சு போகுது, எந்த இடத்துல பார்வை தட்டும்னே தகராறு. நீங்க அட்டையில செஞ்சு காட்டிட்டா கண்ணால பாத்து ஒத்துக்குவாங்க. யார் செஞ்சாலும் பரவாயில்ல, தாள்ல இருக்கிற அளவுக்குச் செஞ்சா போதும்னு விசாரணை அதிகாரியே சொல்லிட்டாரு."

ஏற்பாடு எளிமையானது. காகித பஸ்ஸுக்குள் டிரைவரின் கண் இருக்கும் இடத்தில் ஒரு குண்டூசி, குண்டூசியில் ஒரு நூல். நூலைத் தையற்காரம்மா பொம்மையின் உச்சந்தலைக்கு இழுத்தால் நடுவில் சுவர் தட்டுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். தட்டினால் தம்பி மறுபடி வண்டி எடுப்பான். தட்டாவிட்டால் பார்க்காமல் ஓட்டினான் என்று ஆகும், வேலை போய்விடும். நிஜத்தில் ஐந்து சென்டிமீட்டர் என்றால் அட்டையில் ஒரு மில்லிமீட்டர். ஒன்றரை மீட்டர் சுவர் முப்பது மில்லிமீட்டர் ஆகும்.

மாடல் முடிவதற்கு முன்பே நூலைக் கட்டிப் பார்க்க அவளால் முடியும். அவள் கட்டவில்லை. முடிவு தெரிந்துவிட்டால் கை அதற்கேற்ற மாதிரி வளைந்துகொடுக்கும் என்று பயந்தாள். "நூலை அங்க போய்த்தான் கட்டுவேன்" என்று எல்லோரிடமும் கறாராகச் சொல்லிவிட்டாள்.

முதல் நாள் தொல்லையில்லாமல் போனது. கனத்த சாம்பல் அட்டையில் தரை. அதன்மேல் சாலைக்கு ஒரு தாள். மடிக்க வேண்டிய கோடுகளைக் கட்டரின் முதுகால் கீறி, மடித்து, ஓரப்பட்டைகளில் பசையை மெல்லிசாக இழுத்து, பசை கொஞ்சம் இறுகும்வரை பொறுத்து ஒட்டியதில் பஸ் கச்சிதமாக வந்தது. தையற்காரம்மாவுக்கு மூன்று தாளை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி வெட்டிய இருபத்தொன்பது மில்லிமீட்டர் உருவம். முகம் வரையவில்லை. வரைந்தால் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் நாள் சுவர். அங்கேதான் சனி பிடித்தது.

அட்டைக்குள் இழை ஒரு திசையில் ஓடும். அந்த இழையோடு சேர்ந்து வளைத்தால் அட்டை சொன்னபடி கேட்கும். இழைக்குக் குறுக்கே வளைத்தால் மூட்டு மூட்டாக முறியும். வெட்டுவதற்கு முன் அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் இளகுகிறது என்று தெரிந்துகொள்வது அவளுக்குப் பல் தேய்ப்பது மாதிரி. அன்று பார்க்காமலே வெட்டிவிட்டாள். டப்பாமேல் வைத்துச் சுற்றியதும் சுவர் நான்கு இடத்தில் முறிந்தது. அவளுக்கு வந்த கோபத்தில் கட்டரைத் தூக்கி மேஜைமேல் போட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி வந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அவன் வலது கால் தன்பாட்டுக்கு ஆடியது, நான்கு மாதமாக பிரேக் கிடைக்காத கால். மேஜையும் சேர்ந்து ஆடியது.

"கால ஆட்டாதடா. பசை நகருது."

"நான் ஏதாச்சும் பண்ணட்டாக்கா?"

"மூச்சு விடாம இருந்தாப் போதும்."

அவன் உண்மையாகவே கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயதிலிருந்தே இவன் இப்படித்தான். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். இவனா பார்க்காமல் ஓட்டியிருப்பான் என்று அவளுக்குள் ஒரு குரல் நான்கு மாதமாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தது.

இரண்டாவது துண்டை இழை பார்த்து வெட்டினாள். உட்பக்கம் ஈரப்பஞ்சால் ஒற்றி, அட்டை இளகியதும் டப்பாமேல் சுற்றினாள். "இங்க பிடி, ரெண்டு விரலால. அழுத்தாத, வழுக்கவும் விடாத" என்றாள். தம்பி பிடித்துக்கொள்ள, ரப்பர் பேண்டு போட்டுக் காயவைத்தாள். முப்பது மில்லிமீட்டர். ஸ்டீல் ஸ்கேலை வைத்து இரண்டு தடவை பார்த்துவிட்டாள்.

மத்தியானம் ரப்பர் பேண்டைக் கழற்றியதும் சுவர் மெல்ல விரிந்துகொடுத்தது. வளைத்த அட்டை பழைய நினைப்பை விடாது. நிதானமாக வேலை செய்கிற நாளாயிருந்தால், இரண்டு தாளைச் சுற்றி ஒட்டி ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டிருப்பாள். மறுநாள் விசாரணை. அதனால் குறுக்கு வழியில் இறங்கினாள். தரைக்கு வெட்டியதில் மிச்சமிருந்த இரண்டு மில்லிமீட்டர் அட்டையிலிருந்து, சுவரின் வளைவுக்கு ஒரு பட்டையை வெட்டினாள். அதன்மேல் சுவரை நிறுத்தி ஒட்டிவிட்டால் சுவர் வளைவை விட்டு எங்கும் போகாது.

பட்டையை வெட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தம்பி பொண்டாட்டி.

"அண்ணி, அவரு அங்கதான இருக்காரு? நேத்தும் தூங்கல. நடு வீட்டுல நடந்துட்டே இருக்காரு. சுவர் நல்லா உயரமா வருதுல்ல அண்ணி?"

"தாள்ல இருக்கிறபடி வரும்."

"அது சரி. இருந்தாலும் நம்ம கையிலதான இருக்கு."

மில்லி தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டே பட்டைக்குப் பசை தடவினாள். சுவரை அதன்மேல் நிறுத்தினாள். ஊசிகள் குத்தி நிமிர்த்தினாள். போனை வைத்த பிறகு, செங்கல் நிறத்தில் ஒரு மெல்லிய தாளை எடுத்துச் சுவரையும் பட்டையையும் சேர்த்து மேலிருந்து கீழே தரைவரை ஒட்டினாள். இணைப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. சுத்தமான வேலை. நாள் முழுக்க அவளுக்குத் திருப்தியாக அமைந்தது அது ஒன்றுதான்.

விசாரணை காலை பத்து மணிக்கு. அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாடகைக் காரில் வந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்த தம்பி, "அவரு நல்லாத்தான் ஓட்டுறாருக்கா" என்றான்.

பஸ் நிர்வாகத்தின் பழைய கட்டடத்தில் ஒரு நீள அறை. ஒரு முனையில் விசாரணை அதிகாரி, மூக்கு நுனியில் கண்ணாடி. பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு குமாஸ்தா. ஜன்னலோரம் தையற்காரம்மா ஊன்றுகோலை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்ன உருவம். ஜாக்கெட்டின் ஓரத்தில் இரண்டு ஊசிகள் குத்தியிருந்தன. எழுந்து வரும்போது எடுக்க மறந்தது போலிருக்கிறது.

மில்லி பெட்டியைத் திறந்து மாடலை மேஜைமேல் வைத்தாள். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். தையற்காரம்மா கோலை ஊன்றி மெதுவாக எழுந்து வந்து பார்த்தார்.

"இதுதான் நானாம்மா?"

"ஆமாங்க."

"இவ்வளவு குண்டாவா இருக்கேன்?"

"மூணு தாள் ஒட்டினேன்மா. ஒத்தத் தாள்னா நிக்காது."

"என் உடம்புக்கும் இப்ப அப்படித்தான், ஒத்தையா நிக்க மாட்டேங்குது" என்று அவர் கோலைக் காட்டினார். குத்திக்காட்டுகிற குரலாக அது இல்லை. அதனாலேயே மில்லிக்கு அங்கே நிற்க முடியவில்லை. கட்டைவிரலில் காய்ந்திருந்த பசையை நகத்தால் உரித்தாள்.

அதிகாரி அளவுத் தாளை விரித்தார். "முதல்ல சுவரை அளந்துருவோம். அதான முக்கியம்."

குமாஸ்தா இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்தார். அதன் ஒரு முனையைச் சாலைமேல் ஊன்றிச் சுவரோடு சேர்த்து நிறுத்தினார். குனிந்து பார்த்தார்.

"முப்பது சார். கரெக்டா இருக்கு."

சங்கத்துக்காரர் தலையை ஆட்டினார். அதிகாரி தாளில் ஒரு டிக் போட்டார். மில்லி அந்த ஸ்கேலின் முனையையே பார்த்தாள்.

பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யம் ஓரத்திலேயே தொடங்காது. கொஞ்சம் இடம் விட்டுத்தான் முதல் கோடு வரும். இந்த ஸ்கேலில் அந்த இடம் இரண்டு மில்லிமீட்டர். அவள் கண்ணுக்கு அதை அளக்க இன்னொரு ஸ்கேல் தேவையில்லை. அதைத் தரையில் ஊன்றி அளந்தால் முப்பது மில்லிமீட்டர் சுவர் இருபத்தெட்டு என்றுதான் காட்ட வேண்டும். முப்பது காட்டுகிறதென்றால் சுவர் முப்பத்திரண்டு.

எப்படி முப்பத்திரண்டு? அவளே இரண்டு தடவை அளந்த சுவர். அளந்தது எப்போது? பட்டைமேல் ஒட்டுவதற்கு முன்னால். பட்டை இரண்டு மில்லிமீட்டர். கழிக்கவில்லை. பதினான்கு வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னவள் தன் தம்பி சுவருக்குக் கழிக்கவில்லை. நிஜச் சாலையில் அது பத்து சென்டிமீட்டர்.

குமாஸ்தாவின் தப்பும் இவள் தப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, கைகுலுக்கிக்கொண்டு, உலகத்துக்கு முப்பது என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த அறையில் அது ஒருத்திக்குத்தான் தெரியும்.

அதற்குள் அதிகாரியே எழுந்து வந்து குண்டூசியில் நூலைக் கட்டிவிட்டார். மறுமுனையைப் பொம்மையின் உச்சந்தலைக்கு இழுத்தார். நூல் நேராகப் போகவில்லை. சுவரின் உச்சியில் உரசி, அங்கே லேசாக மடங்கி, பிறகு இறங்கியது. அவர் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். இரண்டு தடவையும் தட்டியது.

"மறைக்குது" என்றார்.

தம்பி மூச்சை விட்டான். நான்கு மாத மூச்சு. அவன் காலாட்டம் நின்றுவிட்டதை மில்லி கவனித்தாள். சங்கத்துக்காரர் அவன் தோளைத் தட்டினார். குமாஸ்தா பேனாவைத் திறந்தார்.

தையற்காரம்மா மட்டும் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படின்னா நான் பொய் சொன்னேனா சார்?"

"பொய்னு சொல்லலம்மா. நீங்க பஸ்ஸைப் பாத்திருக்கலாம். அவருக்கு உங்களைத் தெரிஞ்சிருக்காது. மறைவுல இருந்து திடீர்னு இறங்கிட்டீங்க, அவ்வளவுதான்."

"நான் அவரு கண்ணாடியில வெயில் பட்டதைப் பாத்தேன் சார். அதெல்லாம் பாக்கிற அளவுக்கு நேரம் நின்னேன்" என்றார் அந்த அம்மா. பிறகு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். சண்டை போடவில்லை. துணியைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டு இவர்மேல் பழி போட்ட நாட்கள் நிறைய இருந்திருக்கும்.

சொல்லாதே என்றது மில்லியின் மனது. இரண்டு மில்லிமீட்டர். யாருக்குத் தெரியும்? சுவரும் இல்லை. அந்த அம்மாவின் எலும்பு இனிமேல் இதனால் கூடப்போவதும் இல்லை. தம்பி நாளை ஸ்டியரிங்கைப் பிடிப்பான், தம்பி பொண்டாட்டி தூங்குவாள். இப்படியெல்லாம் மனது வரிசையாக அடுக்க அடுக்க, அவள் கண் சுவரின் அடியிலேயே போய் நின்றது. அங்கே செங்கல் தாளுக்குப் பின்னால் அந்தப் பட்டை இருப்பது அவளுக்கு நெருப்பு மாதிரி தெரிந்தது. இனி எந்த மாடலைத் தொட்டாலும் இந்தப் பட்டைதான் கைக்குள் நெருடும். அது கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜாக்கெட் ஓரத்தில் ஊசியோடு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா, தான் பார்த்ததைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"சார், எழுதாதீங்க" என்றாள். "சுவர் ரெண்டு மில்லி அதிகம்."

குமாஸ்தாவின் பேனா நின்றது. சங்கத்துக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்னம்மா பேசுறீங்க? இப்பத்தான அளந்தாரு."

"அவரு ஸ்கேல் பூஜ்யத்துக்கு முன்னாடி ரெண்டு மில்லி இருக்கு. பாருங்க." பையிலிருந்து தன் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துச் சுவரோடு நிறுத்தினாள். முப்பத்திரண்டு. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தார். குமாஸ்தா தன் ஸ்கேலின் முனையை ஏதோ புதிதாக முளைத்ததைப் போலப் பார்த்தார்.

"சுவர் முப்பதுதான் சார். வளைவு நிக்கணும்னு அடியில ஒரு பட்டை வெச்சு ஒட்டினேன். அதோட கனத்தைக் கழிக்கல. தப்பு என்னோடது."

தம்பியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்துவிட்டாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"உச்சியில வெட்டிருங்க, அவ்வளவுதான?" என்றார் அதிகாரி.

"மேல வெட்டினா நான் இஷ்டத்துக்கு வெட்டினேன்னு நாளைக்கு யாராச்சும் சொல்லுவாங்க. பட்டையை எடுத்துர்றேன். சுவர் அப்படியே இருக்கட்டும்."

கட்டரைச் சுவருக்கும் பட்டைக்கும் நடுவே செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். செங்கல் தாள் நேர்க்கோட்டில் பிளந்தது. சுவர் கையோடு வந்தது. பட்டையையும் தரையிலிருந்து நெம்பி எடுத்தாள். அது இருந்த இடத்தில் வளைவு ஒரு பசைத் தடமாகத் தரையில் தெளிவாக விழுந்திருந்தது. மேஜைமேல் வைத்த சுவரோ, பிடிப்பு போன சந்தோஷத்தில் மெல்ல விரியத் தொடங்கியது.

"இதை அந்தத் தடத்து மேலயே யாராவது பிடிச்சுக்கணும் சார். நானே பிடிக்கிறேன்."

"இனிமே நீங்க தொட வேண்டாம்" என்றார் அதிகாரி. அவர் குரலில் கோபமில்லை, ஆனால் அதற்கு அப்பீலும் இல்லை. அவர் சங்கத்துக்காரரைப் பார்த்தார். சங்கத்துக்காரர் ஜன்னலைப் பார்த்தார்.

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. தம்பி எழுந்து வந்தான்.

"நான் பிடிக்கிறேன் சார்."

அதிகாரி அவனை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

பெரிய கைகள் அவனுக்கு. அந்தக் கையில் சுவர் பொம்மைச் சீப்பு மாதிரி இருந்தது. தடத்தின்மேல் வைத்து, இரண்டு விரலால் வளைத்துப் பிடித்தான். வளைவை அழுத்தவில்லை, வழுக்கவும் விடவில்லை. ஒரு மயிரிழை தூக்கிப் பிடித்தாலும் நூல் மறுபடி தட்டலாம். கீழே காகிதம் ஒன்றைச் செருகுகிற அளவு இடைவெளியை அந்தப் பெரிய விரல் மறைத்துவிடும். மில்லி குனிந்து சுவரின் அடியைப் பார்த்தாள். வெளிச்சம் வரவில்லை. நகக்கண் வெளுத்துப்போகும் அளவுக்கு அவன் அதைத் தரையோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

அதிகாரி நூலை இழுத்தார். நூல் சுவருக்கு மேலே, எதையும் தொடாமல், பொம்மையின் உச்சந்தலைக்குப் போய்ச் சேர்ந்தது. சுவருக்கும் நூலுக்கும் நடுவே ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. பிறகு சுவரைத் தொடுகிற வரைக்கும் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினார். மறுமுனை பொம்மையின் நெற்றியில் இறங்கி, புருவம் இருக்க வேண்டிய இடத்தில் நின்றது.

"புருவம் வரைக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார் அதிகாரி.

தம்பி கையை எடுக்கவில்லை. சுவரைப் பிடித்தபடியே பேசினான். "நான் முன்னாடி பாக்கல சார். உள் கண்ணாடியில பின்னாடி பாத்துட்டிருந்தேன். ரெண்டு பேரு படிக்கட்டுல நின்னுட்டு அடிச்சுக்கிட்டாங்க, விழுந்துருவாங்களோன்னு பாத்தேன். திரும்புறதுக்குள்ள..."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"அங்க சுவர் இருந்துச்சு சார். அது மறைச்சிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நாலு மாசம் சொல்லிச் சொல்லி, அதுதான் நடந்துச்சுன்னு ஆயிருச்சு." அவன் தையற்காரம்மா பக்கம் திரும்பினான். "நீங்க நின்னீங்கம்மா. நான்தான் பாக்கல."

தையற்காரம்மா ஊன்றுகோலின் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பிறகு, "விரல் வலிக்கும், விடுங்க" என்றார்.

அவன் விட்டான். சுவர் விரிந்து மேஜைமேல் சாய்ந்தது.

அந்த அம்மாமேல் தப்பில்லை என்று குமாஸ்தா எழுதினார். ஸ்டியரிங் இனி கிடையாது என்று அதிகாரி தம்பியிடம் நேராகவே சொன்னார். டிப்போவில் வேறு வேலை உண்டா, மொத்தமாக வீட்டுக்குப் போக வேண்டியதுதானா என்பது கடிதத்தில் வரும். சங்கத்துக்காரர் வாசல்வரைகூட வரவில்லை.

வெளியே வந்து இருவரும் நடந்தார்கள். பெட்டியைத் தம்பி தூக்கிக்கொண்டான். மில்லியின் கட்டைவிரலில் உரிக்க இனி பசையும் இல்லை, வெறும் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தம்பி பொண்டாட்டி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யார் சொல்வது?

"அக்கா" என்றான். "வேணும்னே வெச்சியா அந்தப் பட்டையை?"

இந்தக் கேள்வியைத்தான் அவள் அந்த அறையிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாள். "இல்லைடா" என்று ஆரம்பித்தாள். இரண்டு எட்டு நடந்தாள். "தெரியல. கனத்தைக் கழிக்க நான் இதுக்கு முன்னாடி மறந்ததே இல்ல."

அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்துபோனது. "அப்ப சரி. ரெண்டு பேரும் ஒரே வீட்டுப் புள்ளைங்கதான்."

"என்மேல கோவமா?"

"இருக்கு" என்றான். "போகும்."

பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம் இருந்தது. தூரத்தில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. கடந்துவிடலாம், நேரம் இருக்கிறது. மில்லி கால் எடுத்து வைத்தாள். தம்பி பெட்டியை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். அவன் பஸ்ஸைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்குப் பின்னால் டிரைவர் முகத்தைப் பார்த்தான். பஸ் நெருங்கியது, வேகம் குறைந்தது. உள்ளே இருந்த மனிதர் இவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"பாத்துட்டாரு" என்றான் தம்பி. "இப்ப வா."